பட்டியலில் இல்லாத தைப்பூசம்

ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ நடுப்பகுதியில், சிங்கப்பூர் மனிதவள அமைச்சு அடுத்த ஆண்டின் பொது விடுமுறை நாள்களை அறிவிக்கும். அறிவிப்பு வந்த அன்று மாலைக்குள், எந்த விடுமுறை வெள்ளிக்கிழமையில் விழுகிறது, எது திங்கட்கிழமையில் விழுகிறது, எத்தனை நீண்ட வார இறுதிகள் கிடைக்கும் என்ற கணக்கு எல்லாருடைய கைப்பேசியிலும் சுற்றத் தொடங்கிவிடும். நான் அந்தப் பட்டியலை வேறொரு காரணத்துக்காக எதிர்பார்த்திருப்பவள். ஜூரோங் வட்டாரத்தில், ஆண்டின் 365 நாளும் கதவடைக்காமல் இயங்கும் ஒரு கிடங்கில் 42 பேருக்கு வேலை அட்டவணை போடுவது என் பொறுப்பு. எங்கள் பேச்சில் அதற்கு ரோஸ்டர் என்று பெயர். யார் பண்டிகை நாளில் வீட்டில் இருப்பார், யார் சரக்கு இறக்கிக்கொண்டிருப்பார் என்பது கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. அரசிதழில் அச்சாகும் ஒரு பட்டியல் மனிதர்களின் வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதை இந்த மேசையில் இருந்துகொண்டு பார்த்து வருகிறேன். அதனால் அந்தப் பட்டியலைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது உண்டு.

பட்டியலில் இருப்பவை 11 நாள்கள். ஆங்கிலப் புத்தாண்டு, சீனப் புத்தாண்டுக்கு 2 நாள், புனித வெள்ளி, தொழிலாளர் தினம், விசாக தினம், நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், தேசிய தினம், தீபாவளி, கிறிஸ்துமஸ். இவற்றில் ஜனவரி 1, மே 1, ஆகஸ்ட் 9, டிசம்பர் 25 ஆகிய 4 நாள்கள் மட்டுமே தேதி மாறாதவை. மற்ற 7 நாள்களும் ஏதோ ஒரு வகையில் நிலவைப் பார்த்து நிற்பவை. சீனர்களின் புத்தாண்டு அமாவாசையில் பிறக்கிறது. புனித வெள்ளி, மார்ச் 21-ஐ ஒட்டியோ அதற்குப் பின்போ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையை வைத்துக் கணிக்கப்படுகிறது. விசாக தினம் பௌர்ணமி, தீபாவளி தேய்பிறை, இரண்டு பெருநாள்களும் பிறைக்கணக்கு. கண்ணாடிக் கட்டடங்களும் கணினிக் கட்டுப்பாட்டுத் துறைமுகமுமாக வளர்ந்துவிட்ட இந்த ஊரில், மனிதர்கள் எப்போது ஓய்வெடுப்பது என்பதை இன்னமும் பெரும்பாலும் நிலவுதான் முடிவு செய்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலான செய்தி.

ஆனால் நிலவு ஒன்றுதான் என்றாலும் அதைப் படிக்கும் கணக்குகள் பல. 2023-ஆம் ஆண்டு அதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஓட்டுநர்களில் சிலர் அண்டை மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வருபவர்கள். அவர்களில் ஒருவர் அன்போடு கொண்டுவந்து மாட்டிய மலேசிய நாட்காட்டி என் மேசைக்கு எதிர்ச்சுவரில் தொங்கியது. அந்த ஆண்டு மே மாத அட்டவணையை அவசரமாகப் போட்ட நான், சுவரில் சிவப்பாகத் தெரிந்த மே 4-ஐ விசாக தினமாக எடுத்துக்கொண்டுவிட்டேன். மலேசியாவில் அன்றுதான் விசாகம். சிங்கப்பூரிலோ அது ஜூன் 2, வெள்ளிக்கிழமை. இலங்கையில் மே 5. ஒரே புத்தர் பிறந்த நாள், ஒரு மாத இடைவெளியில் கொண்டாடப்பட்டது. சீனச் சந்திர நாட்காட்டியில் அந்த ஆண்டு இரண்டாம் மாதத்துக்குப் பின் ஓர் அதிக மாதம் சேர்ந்ததால் நான்காம் மாதத்துப் பௌர்ணமி ஜூனுக்குத் தள்ளிப்போனது; சிங்கப்பூர் அந்தக் கணக்கைப் பின்பற்றியது. எங்கள் கிடங்கில் பொருள்களைப் பிரித்து அடுக்கும் பிரிவில் 60 வயதைக் கடந்த சீனப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லாரும் அவரை ஆன்ட்டி என்றுதான் அழைப்போம். விசாகத்துக்கு முந்திய இரவிலிருந்து விகாரையில் தொண்டு செய்வது அவர் பல ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கும் வழக்கம். அட்டவணையைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் வந்து, சண்டைக்கு நிற்காமல், தம் பையிலிருந்த விகாரைத் துண்டறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்து, ஜூன் 2 என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். இரண்டு வார அட்டவணையை மறுபடி எழுதினேன். அன்றிலிருந்து எந்த நாளையும் அமைச்சின் பட்டியலோடு ஒத்துப் பார்க்காமல் நான் குறிப்பதில்லை.

தீபாவளிக்கும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. தேய்பிறைச் சதுர்த்தசி திதி விடியலுக்கு முன் எந்த நாளில் அமைகிறதோ அந்த நாளில் எண்ணெய்க் குளியல் என்பது நம் வழக்கம். சென்னையில் சூரியன் உதிக்கும் கணமும் சிங்கப்பூரில் உதிக்கும் கணமும் ஒன்றல்ல. இங்கே காலை 7 மணிக்கு விடிகிறது. அப்போது சென்னையில் கடிகாரம் அதிகாலை 4.30 காட்டும். ஆக, இங்கே விடியல் தமிழ்நாட்டு விடியலுக்கு ஒன்றரை மணி நேரம் முந்தியது. திதி எல்லையோரத்தில் முடியும் ஆண்டுகளில் அந்த ஒன்றரை மணி நேரம் நாளையே மாற்றிவிடக்கூடும். ஊரிலிருந்து வந்த நாட்காட்டியை மட்டும் நம்பக் கூடாது என்று எங்கள் பாட்டி சொன்னதற்கு இதுதான் காரணம் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆலோசனையைப் பெற்றே தீபாவளித் தேதி பட்டியலில் ஏறுகிறது. பெருநாள்களுக்கு முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம். அரசாங்கம் தானாக ஒரு சமயத்தின் நாளைக் குறிப்பதில்லை. அந்தச் சமயத்தவரைக் கேட்டுக் குறிக்கிறது. பார்ப்பதற்குச் சிறிய நடைமுறைதான், ஆனால் இதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இஸ்லாமிய ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவானது என்பதால் பெருநாள்கள் ஆண்டுதோறும் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். 2006-இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஜனவரி 10 அன்று ஒருமுறையும் டிசம்பர் 31 அன்று மறுமுறையுமாக இரண்டு தடவை வந்தது. அதற்கு முந்திய ஆண்டு தீபாவளி நவம்பர் 1, நோன்புப் பெருநாள் நவம்பர் 3. அந்த வாரத்தில் மலாய்க்காரர்களின் கேலாங் சிராய் வட்டாரமும் இந்தியர்களின் தேக்கா வட்டாரமும் ஒரே நேரத்தில் விளக்கொளியில் மிதந்ததை நேரில் பார்த்தவர்கள் இன்றும் பேசுவார்கள்.

விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் மறுநாள் விடுமுறை. மறுநாளும் ஏற்கெனவே விடுமுறை என்றால் அதற்கும் அடுத்த நாள். 2023-இல் சீனப் புத்தாண்டு ஞாயிறும் திங்களுமாக வந்ததால் ஜனவரி 24, செவ்வாய்க்கிழமையும் விடுமுறையாயிற்று. சனிக்கிழமையில் விழுந்தால் இந்த விதி பொருந்தாது. வாரத்தில் 5 நாள் வேலை செய்பவருக்கு அதற்குப் பதிலாக வேறொரு நாள் விடுப்போ ஒரு நாள் சம்பளமோ தர வேண்டும். தேர்தல் வாக்களிப்பு நாளும் பொது விடுமுறை. நாட்டின் 50-ஆவது ஆண்டு நிறைவுக்காக 2015 ஆகஸ்ட் 7 அன்று ஒருமுறை மட்டும் கூடுதல் விடுமுறை அளிக்கப்பட்டது. விதிகளைப் பொறுத்தவரை இவ்வளவுதான். கிடங்கில் புதிதாகச் சேர்பவருக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

விளக்க நேரம் பிடிப்பது அந்த 11 என்ற எண். அது எங்கிருந்து வந்தது?

1968 வரை சிங்கப்பூரில் 16 பொது விடுமுறை நாள்கள் இருந்தன. தைப்பூசம் அவற்றில் ஒன்று. மவ்லித் எனப்படும் நபிகள் நாயகத்தின் பிறந்த நாளும், உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டிய சனிக்கிழமையும் திங்கட்கிழமையும்கூட அப்போது விடுமுறைகளாக இருந்தன. அந்த ஆண்டு ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சன், தம் படைகள் 1971-க்குள் இங்கிருந்து வெளியேறும் என்று அறிவித்தார். தனிநாடாகி மூன்று ஆண்டுகூட நிறையாத நிலையில், நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தப் படைத்தளங்களைச் சார்ந்திருந்தது. கப்பல் பட்டறைகளிலும் படை முகாம்களிலும் வேலை செய்த ஆயிரக்கணக்கானோரில் தமிழரும் மலையாளிகளும் ஏராளம். செம்பவாங் வட்டாரம் முழுவதும் அவர்கள் குடும்பங்கள்தான். வெளிநாட்டு முதலீட்டை ஈர்த்தே தீர வேண்டும் என்ற நெருக்கடியில் வேலை நியமனச் சட்டம் 1968 ஆகஸ்டில் நடப்புக்கு வந்தது. வாரத்துக்கு 44 மணி நேர வேலை என்பது பொது விதியாயிற்று. அதே அலையில் விடுமுறைகளும் 16-லிருந்து 11-ஆகக் குறைக்கப்பட்டன.

இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். எந்தப் பண்டிகை பெரியது, எது சிறியது என்று யாரும் உட்கார்ந்து எடைபோட்டு 11 நாளுக்கு வந்து சேரவில்லை. குறைக்க வேண்டும் என்ற முடிவு முதலில் வந்தது. யார் எதை விடுவது என்ற கேள்வி அதன் பிறகு வந்தது. கிறிஸ்தவர்கள் புனித வெள்ளியையும் கிறிஸ்துமஸையும் வைத்துக்கொண்டு மற்ற நாள்களை விட்டார்கள். முஸ்லிம்கள் இரு பெருநாள்களையும் வைத்துக்கொண்டு நபிகள் பிறந்த நாளை விட்டார்கள். 1955-இல்தான் விடுமுறையாகியிருந்த விசாக தினம் பௌத்தர்களுக்கு நிலைத்தது. இந்துக்களுக்கு ஒரு நாள்: தீபாவளியா, தைப்பூசமா? கலந்தாலோசனைக்குப் பிறகு தீபாவளி நின்றது; தைப்பூசம் போனது.

அன்று தீபாவளியைச் சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தீபாவளி தமிழருக்கு மட்டும் உரியதல்ல. குஜராத்தியும் சிந்தியும் தெலுங்கரும் கொண்டாடுவது. வீட்டுக்கு வீடு நடப்பது. குழந்தைகளுக்குப் புத்தாடை, மற்ற இனத்தவருக்கு விருந்து என்று எல்லாரையும் உள்ளே அழைப்பது. ஒரே ஒரு நாளைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் பெரும்பாலோர் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் தைப்பூசத்துக்கு ஒரு தன்மை உண்டு. தீபாவளியை மாலையில் கொண்டாடிக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிக்கூட விருந்து வைக்கலாம். தைப்பூச நேர்த்திக்கடனைத் தள்ளிவைக்க முடியாது. சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தேங் ரோட்டில் நகரத்தார் 1859-இல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் வரை, மூன்று கிலோமீட்டருக்கு மேல், அந்த நாளில், அந்தக் காலால் நடந்தே ஆக வேண்டும். விடுமுறை என்பது உடலுக்கே தேவைப்படும் பண்டிகை அது.

என் அப்பா வடக்குக் கரையில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பற்றவைப்பவராக வேலை செய்தார். ஆண்டு தவறாமல் பால்குடம் எடுப்பார். தைப்பூசம் விடுமுறையாக இருந்த காலத்தையும் அது இல்லாமல் போன காலத்தையும் அவர் பார்த்தவர். முன்பெல்லாம் காலையில் நிதானமாகப் பெருமாள் கோயிலுக்குப் போய், நண்பர்களின் காவடிகளோடு சேர்ந்து நடந்து, செட்டியார் கோயிலில் அன்னதானம் சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்புவார்களாம். நான் பார்த்த அப்பாவுக்கு அந்த வசதி இல்லை. முந்தின நாள் வேலை முடிந்து வந்து குளித்து, இரவு உணவைத் தவிர்த்துவிட்டு, நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் முதல் பால்குடங்களோடு சேர்ந்துவிடுவார். விடியுமுன் பாலை இறக்கிவிட்டு வீடு திரும்புவார். மஞ்சள் வேட்டியின் முன்புறம் சிந்திய பால் காய்ந்து விறைத்திருக்கும். அம்மா வெந்நீர் வைத்திருப்பார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பாதங்களைத் தூக்கிப் பார்ப்பார். தார்ச்சாலையின் பொடிக்கற்கள் குதிகாலில் பதிந்திருக்கும். அவற்றை நான் ஊக்கின் முனையால் மெல்ல எடுத்துவிடுவேன். எட்டு வயதிலிருந்து எனக்கு அந்த வேலை. அதன்மேல் மருந்துத் துணியைச் சுற்றி, காலுறை போட்டு, இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணிக்குள் அந்தப் பாதங்களை நுழைத்துக்கொண்டு ஆறே முக்காலுக்குப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விடுவார். ஓர் ஆண்டு விடுப்பு கேட்டுப் பார்த்தார். கப்பல் ஒன்று கரையேறியிருக்கிறது, ஆள் பற்றாக்குறை என்று மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார். அந்த ஆண்டு அப்பா காவடி எடுப்பதாக வேண்டியிருந்தார், என் தம்பியின் உடல்நலத்துக்காக. காவடியை இரவோடு இரவாக இறக்கிவிட முடியாது. அவர் வேலைக்குப் போகவில்லை, கோயிலுக்குப் போனார். ஒரு நாள் சம்பளமும் ஓர் எச்சரிக்கைக் கடிதமும் அதன் விலை. அந்தக் கடிதத்தை அவர் கிழிக்கவில்லை, யாரிடமும் குறையாகச் சொல்லவும் இல்லை. பிறப்புச் சான்றிதழ்கள் வைத்திருந்த அதே பிஸ்கட் டின்னில் மடித்து வைத்திருந்தார். அவர் காலமான பிறகுதான் நான் அதைப் படித்தேன்.

தைப்பூசத்துக்கு விடுப்பு கிடைப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பது அட்டவணை போடத் தொடங்கிய பிறகு எனக்குத் தெளிவாயிற்று. சீனப் புத்தாண்டு அமாவாசை, பூசம் பௌர்ணமி. ஆகவே பூசம் ஒன்று சீனப் புத்தாண்டுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னால் வரும், அல்லது புத்தாண்டுக் கொண்டாட்டம் நிறைவுபெறும் 15-ஆம் நாளை ஒட்டி வரும். 2024-இல் பூசம் ஜனவரி 25, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 10. 2025-இல் புத்தாண்டு ஜனவரி 29, பூசம் பிப்ரவரி 11. புத்தாண்டுக்கு முந்திய இரண்டு வாரம் என்பது எங்களைப் போன்ற கிடங்குகளுக்கு ஆண்டிலேயே மிக நெருக்கடியான காலம். ஆரஞ்சுப் பெட்டிகளும் பரிசுக் கூடைகளும் கூரை வரை நிற்கும். யாருக்கும் விடுப்பில்லை என்ற சுற்றறிக்கை அப்போதுதான் வரும். பூசத்துக்கு விடுப்பு கேட்பவர் சரியாக அந்த வாரத்தில் வந்து என் மேசை முன் நிற்பார். இதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. ஆனால் சட்டப்படி விடுமுறையான நாளுக்கு இந்த வாதம் எழவே எழாது; அல்லாத நாளுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொருவரும் தனித்தனியே மன்றாட வேண்டியிருக்கிறது. பட்டியலில் ஒரு நாள் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை நான் புரிந்துகொண்டது இப்படித்தான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. மலேசியா கூட்டரசு நாடு என்பதால் நாடு முழுவதற்குமான விடுமுறைகளோடு மாநிலங்கள் தமக்கென்று அறிவிக்கும் விடுமுறைகளும் உண்டு. பினாங்கு, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜோகூர் ஆகிய மாநிலங்களில் தைப்பூசம் விடுமுறை. கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் 2008-இல் அது விடுமுறையாயிற்று. தீபாவளியோ சரவாக் தவிர எல்லா மாநிலங்களிலும் விடுமுறை. வாரத்தின் ஓய்வு நாள்கூட அங்கே மாநிலத்தின் முடிவுதான். ஜோகூர் பத்தாண்டுக்கு மேல் வெள்ளியும் சனியுமாக வைத்திருந்த வார இறுதியை 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டது. தனியார் முதலாளிகளுக்கு அங்கே இன்னொரு விதி உண்டு: ஆண்டுக்குக் குறைந்தது 11 விடுமுறை தர வேண்டும், அவற்றில் தேசிய தினம், மாமன்னர் பிறந்த நாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம், அந்தந்த மாநில ஆட்சியாளரின் பிறந்த நாள் ஆகிய 5 கட்டாயம், மீதி 6 நாளை அரசிதழில் உள்ளவற்றிலிருந்து முதலாளி தேர்ந்தெடுத்து அறிவிக்கலாம். ஒரு நீரிணையின் இரு கரையிலும் அதே 11 என்ற எண், ஆனால் உள்ளே நிரப்பும் முறை வேறு. எங்கள் ஜோகூர் ஓட்டுநர்கள் பூசத்தன்று அதிகாலை இருட்டில், தங்கள் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் ஆட, அண்டை வீட்டார் எல்லாம் விடுமுறையில் உறங்கிக்கொண்டிருக்க, பாலம் கடந்து வேலைக்கு வருகிறார்கள்.

2015-இல் தைப்பூசத்தை மறுபடி விடுமுறையாக்கக் கோரி இணையத்தில் கையெழுத்துகள் திரண்டன. மனிதவள அமைச்சு 1968-இன் வரலாற்றை எடுத்துச் சொல்லி, ஒரு சமயத்தவரின் நாளைத் திருப்பித் தந்தால் மற்றவர்களின் கோரிக்கைகளும் எழும், அவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று பதிலளித்தது. அந்தப் பதில் அப்போது எனக்குக் கசந்தது. இன்று அதன் நியாயமும் எனக்குத் தெரிகிறது. எங்கள் கிடங்கில் முப்பது ஆண்டு வேலை செய்த மலாய் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அவரை அபாங் என்றுதான் அழைப்பேன். "உங்கள் பூசத்தோடு எங்கள் மவ்லிதும் போனதே, அதற்காக நீ கையெழுத்து கேட்டாயா?" என்று அவர் என்னிடம் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதற்கு முன் அதை நான் நினைத்தே பார்த்ததில்லை என்பதுதான் உண்மை. சீக்கியருக்கு வைசாகி பட்டியலில் இல்லை. பொங்கலும் இல்லை, தமிழ்ப் புத்தாண்டும் இல்லை. இழந்தது நாம் மட்டும் என்ற எண்ணத்தோடு பேசினால் பக்கத்தில் நிற்பவரின் இழப்பு கண்ணில் படாது.

இருந்தாலும் நான் ஒன்றை உறுதியாக நம்புகிறேன். 11 என்ற எண்ணைத் தொடாமலேயே செய்யக்கூடிய ஒன்று சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. முதலாளியும் தொழிலாளியும் ஒப்புக்கொண்டால், ஒரு பொது விடுமுறைக்குப் பதிலாக வேறொரு நாளை விடுமுறையாக மாற்றிக்கொள்ளலாம் என்று வேலை நியமனச் சட்டம் அனுமதிக்கிறது. புனித வெள்ளியன்று வேலை செய்ய விரும்பும் ஒரு முருக பக்தர், அந்த நாளைக் கொடுத்துவிட்டுப் பூசத்தை எடுத்துக்கொள்ளலாம். இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் கேட்கத் தயங்குகிறார்கள். இந்த மாற்றத்துக்கு இரு தரப்பின் சம்மதமும் வேண்டும் என்ற இடத்தில்தான் அது முடங்கிப்போகிறது. தக்க முன்னறிவிப்போடு கேட்டால், தகுந்த காரணம் காட்டாமல் முதலாளி மறுக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்ந்தால் போதும். நாட்டின் உற்பத்தியில் ஒரு மணி நேரம்கூடக் குறையாது. எந்தச் சமயத்தவரின் நாளும் மற்றொருவருடையதோடு போட்டியிட வேண்டியதில்லை. அபாங்குக்கு மவ்லித், சீக்கிய ஓட்டுநருக்கு வைசாகி, எனக்குப் பூசம். ஆண்டில் ஒரே ஒரு நாளுக்காவது இந்த உரிமையைச் சட்டம் தர வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல என்றே நினைக்கிறேன்.

எங்கள் கிடங்கில் இதைப் பத்து ஆண்டுகளாக, மேலாளரின் இசைவோடு, சிறிய அளவில் செய்து வருகிறோம். நவம்பர் மாதத்தில் ஒரு தாளைச் சுற்றுக்கு விடுவேன். ஒவ்வொருவரும் பட்டியலில் உள்ள 11 நாளில் தாம் விட்டுக்கொடுக்கத் தயாரான ஒரு நாளையும், பட்டியலில் இல்லாத தமக்கு வேண்டிய ஒரு நாளையும் எழுதலாம். முதல் ஆண்டு நான்கு பேர்தான் எழுதினார்கள். இப்போது பாதிப் பேருக்கு மேல் எழுதுகிறார்கள். ஒருவர் இறந்த தாயின் திதியை எழுதினார். ஆன்ட்டி தம் முன்னோரின் கல்லறைக்குச் செல்லும் சிங் மிங் நாளை எழுதினார். இவற்றை ஒன்றோடொன்று பொருத்துவது சிக்கலான வேலை. இரண்டு இரவு ஆகும். எனக்கு அந்த இரண்டு இரவும் பிடிக்கும்.

விடுமுறை நாளில் வேலை செய்பவருக்கு ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், தமிழ்நாட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் இளைஞர்கள் தீபாவளியன்றும் பெயர் கொடுப்பார்கள். ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த ஒரு நாள் சம்பளம் சில மூட்டை சிமெண்டு. அவர்களிடம் இன்று வீட்டில் இருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மதியம் ஒரு மணிக்கு என் வீட்டு முறுக்கையும் ஆட்டிறைச்சிக் குழம்பையும் அடுக்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். பட்டியலின் பயன் முழுக்கச் சென்று சேராத இன்னொரு கூட்டமும் உண்டு. வீட்டுப் பணிப்பெண்கள் வேலை நியமனச் சட்டத்துக்குள் வருவதில்லை. 11 நாளில் ஒன்றுகூட அவர்களுக்குச் சட்டப்படி உரியதல்ல. வாரத்துக்கு ஓர் ஓய்வு நாள் என்பதே 2013-இல்தான் வந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்டாமல் ஓய்வாகவே கொடுத்தாக வேண்டும் என்ற விதி 2023-இல் வந்தது. தீபாவளியன்று நம் வீட்டு விருந்தில் நமக்கெல்லாம் தட்டு எடுத்துத் தரும் தமிழ்ப் பெண்ணுக்கு அது விடுமுறையா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக்கொள்ள வேண்டும். என் அண்ணன் வீட்டில் நான் கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அண்ணியே கூப்பிட்டு, அந்தப் பெண் மறுநாள் தோழிகளோடு வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகிறாள் என்றார்.

2025-இல் பூசம் செவ்வாய்க்கிழமை வந்தது. அந்த வார அட்டவணை இன்னும் என் கோப்பில் இருக்கிறது. பிப்ரவரி 11-க்கான கட்டத்தில் ஆறு பேருக்கு எதிரே 'மாற்று விடுமுறை' என்று எழுதியிருக்கிறது. ஆறாவது பெயர் என்னுடையது. எனக்கு அன்று ஈடாக வந்தவர் அபாங். மவ்லித் அன்று அவருக்காக நான் இருப்பதாகப் பேச்சு. நான் அப்பாவைப் போல நள்ளிரவில் புறப்படவில்லை. காலை ஒன்பது மணிக்கு, நல்ல வெயிலில், பால்குடத்தோடு பெருமாள் கோயில் வாசலிலிருந்து நடக்கத் தொடங்கினேன்.